பதினெட்டுக் கிணறு

நீர்மாலைக் குடத்தை முற்றத்தில் இறக்கி வைத்ததும் நல்லகண்ணு அதற்குள் எட்டிப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருஷமாக எந்தத் தண்ணீரைக் கண்டாலும் குனிந்து பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். பழகின கண்ணை எங்கே கொண்டு வைப்பது? சங்கு முன்னே ஊத, நாலு பேர் தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடிக்க, செத்துப்போனவளின் அண்ணன் சொரிமுத்து சுமந்து வந்த தண்ணீர் அது. ஆற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். கார்த்திகை பிறந்தும் மலையில் மழை விடவில்லை. சிற்றாறு செங்காவியாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. மகராசியாய்ப் போகிறவளைச் சேற்றிலா குளிப்பாட்டுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, வீட்டுக் கிணற்றிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

குடத்தின் ஆட்டம் அடங்கியது. அடியில் போய் ஒளிந்திருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான்கு. தலைகீழாகத் தொங்கினால் சும்மா கடிக்கிற கொசு. தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்துக் கிடந்தால் காய்ச்சல் கொசு. நான்கும் மட்டமாகக் கிடந்தன.

வேறு தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. எங்கிருந்து எடுப்பார்கள்? நடுத்தெருவில் பதினெட்டுக் கிணறு. பதினெட்டிலும் புழு உண்டு என்பது அவனுக்குத் தெரிந்த அளவுக்குத் தென்காசியில் வேறு யாருக்கும் தெரியாது. பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். அவனுடைய அம்மா பார்வதியம்மாள் குடத்தைச் சரித்தாள். அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாயின் தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

நாலே நாள் காய்ச்சல். முதல் நாள் குளிரும்போது இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் கொய்னா மருந்தைக் கொடுத்த மாத்திரத்தில் கக்கினாள். நேற்று மத்தியானம் ஜன்னி கண்டு, யாரோ கூப்பிட்டதுபோல வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அடங்கிப் போனாள். முப்பது வயது நிறையவில்லை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, குழலி.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில், மூன்று வருஷத்துக்கென்று ஒரு மீன் முகாம் போட்டிருந்தார்கள். மலைக்காய்ச்சல் ஊர் ஊராகத் தின்றுகொண்டிருந்த காலம். கொசுப்புழுவைத் தின்கிற மீன் எது, எவ்வளவு தின்னும், எந்தத் தண்ணீரில் நிற்கும், எதில் செத்துப் போகும் என்று பார்ப்பது முகாமின் வேலை. சென்னையிலிருந்து வந்த ஆபீசருக்கு ஆறும் வாய்க்காலும் தெரிந்த, நாலெழுத்து எழுதத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. நல்லகண்ணு போய் நின்றான். மீன் வாடை அடித்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற சைவக் குடும்பத்துப் பிள்ளை, வலையும் ஜாடியுமாக ஆற்றங்கரையில் அலைவதைப் பார்த்து நடுத்தெரு வயிறு குலுங்கச் சிரித்தது. மீன்பிள்ளை என்று பெயரும் வைத்தது. அம்மா சிரிக்கவில்லை. முகாமிலிருந்து வந்தால் புறவாசல் வழியாக வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியை அங்கேயே களைந்து போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று உத்தரவு போட்டாள். அவன் அதற்கும் கட்டுப்பட்டான். வேலை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிடித்துப்போனதற்குக் காரணம் முண்டக்கண்ணி. சுண்டுவிரல் நீள மீன். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல ஒரு புள்ளி. ஆற்றில் இழுப்பு இல்லாத ஓரமாக, புல் சாய்ந்த நிழலில், தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நிற்கும். ஜாடியில் விட்டு எண்ணினான். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஒரு மீன் எழுபது எண்பது புழுவை விழுங்கிற்று. கிணற்றில் விட்டால் பிழைத்துக் கிடக்கும், ஆனால் பெருகாது, முட்டையை ஒட்டிவைக்க அதற்குப் புல்லும் பாசியும் உள்ள கரை வேண்டும், ஆகையால் குறையக் குறையக் கொண்டுபோய் விட வேண்டும் என்று கண்டு சொன்னவனும் அவன்தான். அதை அறிக்கையில் அவன் பெயரோடு போடுவதாக ஆபீசர் சொன்னார். சைக்கிளில் போகிறவனுக்கு எப்படியும் கால் தரையில் பாவாது. அன்றைக்குச் சைக்கிளும் பாவவில்லை.

கடைசி வருஷம்தான் முக்கியமான சோதனை. ஒரு தெருவில் மீனை விட்டுக் காய்ச்சல் குறைந்தால், அது மீனால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று கேட்பான் கேட்கிறவன். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு தெரு வேண்டும். எல்லாவற்றிலும் முதல் தெருவைப் போலவே இருந்து, மீன் மட்டும் இல்லாத தெரு. மீன் விடுவதற்குப் பள்ளிவாசல் தெரு என்று முடிவாயிற்று. அங்கே பதினெட்டுக் கிணறு. விடாமல் வைத்துப் பார்க்க நடுத்தெருவை எடுத்துக்கொள்ளலாம் என்று நல்லகண்ணுதான் சொன்னான். அதிலும் பதினெட்டு, ஆழமும் ஒன்றுபோலத்தான். ஆபீசர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, உம்ம வீடு இருக்கிற தெரு இல்லையா அது, வேறு பாரும் என்றார். அவன் விடவில்லை. கண் முன்னால் இருக்கிற தெரு, யாரும் தெரியாமல் மீனை விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வாதாடி ஜெயித்தான். வாயால் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. நடுத்தெரு சைவத் தெரு. அங்கே மீனை எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்கு வீடு சண்டை பிடிக்க வேண்டும். முதல் சண்டை அம்மாவோடு. அந்தத் தொல்லை இல்லாமல் போனதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மறைப்புக்கு உள்ளே பெண்கள் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது. பள்ளிவாசல் தெருவில் இந்த வருஷம் காய்ச்சலே இல்லையாமே என்று ஒருத்தி சொன்னாள். அங்கே கிணறு கிணறாக மீன் விட்டவர் இந்த வீட்டுக்காரர்தானே, சொந்தக் கிணற்றில் விட்டால் என்னவாம் என்று இன்னொருத்தி, பிணம் குளிப்பாட்டுகிற இடம் என்றும் பாராமல், கேட்டேவிட்டாள். அம்மாவின் குரல் பதில் சொன்னது.

"அவ விடுவாளாட்டி? கொடத்துல ஒரு எறும்பு விழுந்தாலே கொட்டிட்டு மறுபடி எறைக்கியவ. மீன விடச் சம்மதிப்பாளா? சைவம் சைவம்னு இருந்தே போயிட்டா எம் மருமக."

அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். ஒருபோதும் ஆவுடைத்தாயிடம் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்துவிட்டாள். பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சுத்தபத்தமான பெண் என்று ஒப்பாரியில் ஒரு அடியும் சேர்ந்துகொண்டது.

நடந்தது வேறு.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. திங்கள்தோறும் அவன் கரண்டியை நீளக் கம்பில் கட்டி ஒவ்வொரு கிணற்றிலும் பத்து முறை மொண்டு, எத்தனை புழு என்று எழுத வேண்டும். சொந்தக் கிணற்றில் பத்துக் கரண்டிக்கும் ஒரு புழுவும் இல்லை. மறுபடியும் மொண்டான். இல்லை. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தான். வெயில் நேராக உள்ளே இறங்கினபோது இரண்டு வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தன.

வலையை எடுத்து வந்து, ஒன்றைச் சீக்கிரமே பிடித்தான். மற்றது போக்குக் காட்டிற்று; சாயங்காலம்தான் சிக்கியது. ஆவுடைத்தாய் அடுக்களை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டும் ஜாடிக்குள் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். பள்ளிவாசல் தெருப் பாத்திமுத்துவிடம் கேட்டு வாங்கி, தன் கையாலேயே செம்பில் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னாள். செம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். மீனைப் பார்த்தால் குமட்டுகிறவள். அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு எப்படி நடந்து வந்தாளோ.

அவன் அவளுக்குச் சோதனையை விளக்கினான். ஒரு கிணற்றில் மீன் விழுந்தாலும் பதினெட்டின் கணக்கும் பாழ், தை முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றான். அவள் கவனமாகக் கேட்டாள்.

"பதினெட்டுல ஒண்ணு கழிஞ்சா பதினேழு இருக்குல்லா. பதினேழு போதாதா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். ஆராய்ச்சி தெரியாத பேச்சு என்று சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. இப்போது சுவரோரம் நின்றவனுக்குப் பதில் தெரிந்தது. போதும். பதினேழு தாராளமாகப் போதும். ஆபீசரிடம் சொல்லியிருந்தால் அந்தக் கிணற்றின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருப்பார். கிழிக்காதவன் அவன்தான்.

கொள்ளிச்சட்டிக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொரிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வீரகேரளம்புதூரிலிருந்து ராவோடு ராவாக வண்டி பூட்டி வந்தவன். கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். நனைந்த வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டான்.

"மாப்ள, ஒண்ணு கேக்குதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. ஊருக்கெல்லாம் மீன் விடுதிய. நம்ம கிணத்துல மட்டும் ஏன் விடல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். அழுது சிவந்த கண்ணோடு, எனக்கு ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்பதுபோலக் கேட்டான். நல்லகண்ணுவின் தொண்டையில் எல்லாம் வந்து நின்றது: செம்பு, வலை, பதினேழு. அதைச் சொன்னால் இந்த மனிதன் என்ன செய்வான், அம்மா என்ன செய்வாள், நாளைக்குக் குழலி வளர்ந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஓடிற்று. பயமாக இருந்தது. மறைப்புக்குள்ளே அம்மா தயாராகச் சமைத்து வைத்த பதில் ஒன்று இருந்தது.

"அவ வேண்டாம்னுட்டா அத்தான்."

சொரிமுத்து தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே அழுதான். சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான் என்றான். ஒருதரம் பருந்து தவறவிட்ட மீன் முற்றத்தில் விழுந்ததற்கு, வீட்டைக் கழுவித் தள்ளுகிற வரைக்கும் ரெண்டு வேளை பட்டினி கிடந்தாளாம். பிடிவாதக்காரி, பிடிவாதக்காரி என்று தொடையில் அடித்துக்கொண்டான். பிறகு நல்லகண்ணுவின் தோளைப் பிடித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம் என்று தேற்றினான். செய்த பாவத்துக்கு அடி விழும் என்று காத்திருந்தவனுக்கு ஆறுதல் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது. பாடை கட்டுகிறவர்களுக்கும் தெரிந்தது. வாய்க்கரிசி போட வந்த பெண்கள், உயிர் போனாலும் ஆசாரம் போகக்கூடாது என்று இருந்த புண்ணியவதி என்று அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நல்லகண்ணு தன் பங்கு அரிசியைப் போடக் குனிந்தபோது அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தார்கள். கண்ணை மூடியிருந்ததற்கு அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அப்படித் தோன்றினதற்காகத் தன்னையே காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் விறகு ஈரம். புகைந்து புகைந்து, ஒரு பாட்டம் மழைக்கும் தாக்குப்பிடித்து, உச்சிப்பொழுதுக்குத்தான் சரியாகப் பிடித்துக்கொண்டது. ஆண்கள் கரையில் இறங்கி முழுகினார்கள். நல்லகண்ணு இடுப்பளவில் நின்றான். வெள்ளம் வந்தால் முண்டக்கண்ணி எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். வாய்க்கால் முகத்தில், தாழம்புதர் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். பெண்டாட்டிக்குக் கொள்ளி வைத்த கையோடு ஏன் இது நினைவுக்கு வருகிறது என்று வெறுப்பாக இருந்தது. மூன்று வருஷம் கற்றுக்கொண்டதெல்லாம் தலையில் அப்படியே இருக்கிறது, ஒன்றுகூட உதவவில்லை. கரையிலிருந்தவர்கள் கூப்பிட்ட பிறகுதான் அவன் ஏறினான்.

திரும்பி வந்தபோது வாசலில் பாத்திமுத்து நின்றுகொண்டிருந்தாள். முக்காடு நனைந்திருந்தது. காலடியில் ஒரு மண்கலயம், வாயில் ஈரத்துணி கட்டி. நடையில் அம்மாவும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவள் வந்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். அவளை யாரும் போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அவனைக் கண்டதும் கலயத்தைக் காட்டினாள். தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஆறு மீன் பிடித்து வந்ததாகவும், பிள்ளை இருக்கிற வீடு, இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாள். தெருவில் இன்னும் யாருக்காவது வேண்டுமென்றால் நாளைக்கும் கொண்டு வருவாளாம்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல மனசுலதான் கொண்டாந்திருக்க தாயி. ஆனா அவ இருக்கையில வேண்டாம்னது. போன அன்னைக்கே நாங்க அத மீறலாமா?"

சொரிமுத்து ஈர வேட்டியோடு முன்னால் வந்தான்.

"அத்த சொல்லுதது சரி. எந் தங்கச்சி வார்த்தைக்கு இந்தக் கிணத்துல மீன் விழக்கூடாது. எப்பவும் விழக்கூடாது. அவளுக்குன்னு நாம செய்யறதுக்கு வேற என்ன இருக்கு?"

கூட வந்த பெரியவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்காக நடுத்தெருவில் எந்தக் கிணற்றிலும் விடுவதாக இல்லை என்று ஒருவர் சொன்னார். வேண்டாம்தான் என்று மற்றவர்களும் சொன்னார்கள். எல்லோருக்கும் மனம் கனிந்திருந்தது; செத்தவளுக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட நிறைவு முகங்களில் தெரிந்தது.

பாத்திமுத்து நல்லகண்ணுவைப் பார்த்தாள். புரட்டாசியில் அவள் வீட்டுப் புறவாசலில் நின்று, செம்பை நீட்டி, ரெண்டே ரெண்டு கொடு என்று கேட்டவள் யார் என்று இந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"அவளா வேண்டாம்னா, அண்ணாச்சி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. இழவு வீட்டில், அந்நியத் தெருக்காரி, செத்தவளின் புருஷனைப் பொய்யன் ஆக்க மாட்டாள். அவன் வாயால் வர வேண்டும் என்று வழி விட்டு நின்றாள். ஒரு சொல் போதும். சொன்னால் இந்த முகங்கள் எல்லாம் மாறும். ஆனால் கலயம் கிணற்றுக்குப் போகும். நல்லகண்ணுவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"ஆமா," என்றான்.

நடையிலிருந்து குழலி ஓடி வந்து கலயத்தருகே குந்தியிருந்தாள். துணியை ஒதுக்கி, கையை விட்டு, உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள். பாத்திமுத்து அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். தன் முந்தானையில் அதைத் துடைத்தாள். கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தாள். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை.

"மீனத் தொட்டுட்டியாட்டி," என்று அம்மா குழலியைக் கையைப் பிடித்து எழுப்பினாள். "வா, தலைக்கு ஊத்துதேன்."

நல்லகண்ணு வாசற்படியில் உட்கார்ந்தான். புறவாசலில், நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்த அதே கிணற்றின் ராட்டினம் கிறீச்சிட்டது. மழைக் காலம், கிணற்றில் தண்ணீர் மேலாகவே கிடந்தது. கயிறு கொஞ்ச தூரம்தான் ஓடிற்று.